பிரெட் பாக்கெட்டை எங்கே வைப்பது?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்த முறை தேர்வு, கட்டணம், சீருடை எதைப் பற்றியும் இல்லை. பிரெட்டைப் பற்றி எழுதுகிறேன்.

மதிய இடைவேளை முடிந்ததும் குப்பைத் தொட்டியை எட்டிப் பார்ப்பது என் பழக்கம். பிள்ளைகள் எதைச் சாப்பிடவில்லை என்று நம்மிடம் சொல்ல மாட்டார்கள், தொட்டி சொல்லிவிடும். சில வாரங்களாக அதில் சாண்ட்விச்தான் அதிகம். ஒரு கடி கடித்ததோடு சரி, ஓரம் விறைத்து, தொட்டால் உதிர்கிறது. ஒரு மாணவியைக் கேட்டேன். "ஃபிரிட்ஜ்ல வச்ச பிரெட் மிஸ், மரத்தூள் மாதிரி இருக்கு" என்றாள்.

காரணத்தையும் அவளே சொல்லிவிட்டாள். கெடாமல் இருக்கட்டும் என்றுதான் ஃபிரிட்ஜில் வைக்கிறோம். பூஞ்சை பிடிப்பது தள்ளிப்போகும், உண்மைதான். ஆனால் பிரெட் விறைப்பது ஈரம் போவதால் மட்டும் அல்ல. காற்றுப் புகாமல் மூடி வைத்து, ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டாலும் ரொட்டி பழசாகிவிடும் என்பதை பூசேங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1852-லேயே காட்டிவிட்டார். வேகும்போது தண்ணீரை உறிஞ்சி இளகிய மாவுச்சத்து, ஆறியபின் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி இறுகுகிறது. உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள குளிரில், அதாவது ஃபிரிட்ஜின் நடுத்தட்டில்தான், இது மிக வேகமாக நடக்கிறது. வெளியே வைத்தால் மெதுவாக நடக்கும். ஃப்ரீசரில், -18 டிகிரி செல்சியஸில், கிட்டத்தட்ட நின்றேவிடும்.

ஆகவே, இரண்டு நாளுக்குள் தீர்ந்துவிடும் அளவை வெளியே வையுங்கள். மீதி ஃப்ரீசருக்குப் போகட்டும், வாங்கிய அன்றைக்கே. நான்கு நாள் வெளியே கிடந்து, இனி தாங்காது என்று தோன்றிய பிறகு உள்ளே வைத்துப் பயனில்லை. எந்த நிலையில் வைத்தோமோ அதே நிலையில்தான் திரும்பி வரும்.

இதில் நானும் சொதப்பியிருக்கிறேன். வெட்டாத முழு ரொட்டியை அப்படியே உள்ளே வைத்துவிட்டு, மறுநாள் காலை ஆறரை மணிக்கு இரண்டு துண்டுக்காகக் கத்தியோடு மல்லுக்கட்டினேன். கடினத்தில் செங்கல்லே அதனிடம் தோற்றுவிடும். முதலில் துண்டு போட்டுவிடுங்கள். ஒருவேளைக்கு எத்தனை வேண்டுமோ அத்தனையாகப் பிரித்து, பையில் போட்டு, உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு இறுக்கி மூடுங்கள். காற்று தங்கினால் பிரெட்டின் ஈரம் வெளியேறிப் பையின் உட்புறத்தில் வெண்பனியாகப் படியும். துண்டில் வெள்ளைத் திட்டு விழுந்து சக்கையாகிவிடும். வீட்டில் சுட்டது என்றால் முழுக்க ஆறட்டும். பை மேல் தேதி எழுதுவதற்கு ஒரு பேனா போதும், ஆனால் யாரும் எழுதுவதில்லை.

மூன்று மாதம் வரை ருசி நன்றாகவே இருக்கும். ஒரு விஷயம்: ஃபிரிட்ஜுக்குள்ளேயே இருக்கும் சின்ன ஐஸ் பெட்டிகள் எல்லாமே -18-க்கு இறங்கும் என்று சொல்ல முடியாது. அதன் கதவில் ஒரு நட்சத்திரம் இருந்தால் -6 டிகிரி. ஒரு வாரத்தில் தீர்த்துவிடுங்கள். இரண்டு என்றால் -12, ஒரு மாதம். மூன்று இருந்தால்தான் -18.

எடுக்கும்போது உருகக் காத்திருக்க வேண்டாம், நேரே டோஸ்டரில் போடலாம். மெத்தென்று வேண்டுமானால் பையைப் பிரிக்காமல் அரைமணி நேரம் வெளியே வையுங்கள்; உள்ளே படிந்த ஈரம் பிரெட்டுக்கே திரும்பும். இன்னும் சுலபம், காலையில் உறைந்த துண்டிலேயே வெண்ணெய் தடவி டப்பாவில் வைத்துவிடுவது. மதியத்துக்குள் தானாக இளகிவிடும்.

ஏற்கெனவே விறைத்ததைத் தூக்கிப் போடாதீர்கள். லேசாகத் தண்ணீர் தெளித்துச் சூடாக்கினால், 60 டிகிரியைத் தாண்டியதும் மாவுச்சத்து மீண்டும் இளகும். சூட்டோடு சாப்பிட்டுவிட வேண்டும். ஆறினால் முன்பைவிட மோசம். ஓரத்துண்டுகளைக் காயவைத்துப் பொடித்து வைத்துக்கொள்ளலாம்.

பூஞ்சை கண்டால் மட்டும் தயவுதாட்சண்யம் வேண்டாம். பச்சைப் புள்ளியைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைக் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. கண்ணுக்குத் தெரிவது புள்ளிதான். அதன் இழைகள் அதற்குள் பிரெட்டுக்குள் ஓடியிருக்கும். மோந்து பார்க்காமல் பாக்கெட்டோடு குப்பையில் போட்டுவிடுங்கள். ஃப்ரீசர் பூஞ்சையைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே பாக்கெட்டிலிருந்து மூன்று துண்டு எடுத்து, அலமாரியில் ஒன்று, ஃபிரிட்ஜில் ஒன்று, ஃப்ரீசரில் ஒன்று என்று மூடிய பைகளில் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை அழைத்துப்போக வரும்போது அறிவியல் அறையில் நீங்களும் பார்க்கலாம். அலமாரிப் பையை மட்டும் யாரும் திறக்க வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்