பயணத் தாளில் தவறான பறப்பு நேரம்: புகார்

அனுப்புநர்: டிக்கெட் எடுத்த வாடிக்கையாளர், சுங்கை சிப்புட், பேராக்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: கோலாலம்பூர் – லண்டன் பயணத் தாளைத் திருத்தித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். டிசம்பரில் லண்டனில் இருக்கும் தங்கையிடம் போகும் என் தாயாருக்குத் தங்கள் ஈப்போ கிளையில் போக வர டிக்கெட் எடுத்தேன். விலையில் எனக்குக் குறை இல்லை. கூடவே கொடுத்த பயணத் தாள்தான் பிரச்சினை.

போகும்போது கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் இரவு 11:00 மணிக்குப் புறப்பாடு, லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் மறுநாள் விடியற்காலை 5:00 மணிக்கு இறக்கம். பயண நேரம் ‘6 மணி’ என்று அச்சாகியிருக்கிறது. திரும்பும்போது இரவு 9:00 மணிக்குக் கிளம்பி மறுநாள் மாலை 6:00 மணிக்கு வந்து சேர்வதால் ‘21 மணி’யாம். இரண்டுக்கும் தூரம் மட்டும் ஒன்றே, சுமார் 10,600 கிலோமீட்டர். அதை 6 மணி நேரத்தில் கடக்க மணிக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும். இப்போதைய பயணிகள் விமானங்கள் 900-ஐ ஒட்டித்தான் பறக்கின்றன. ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்ட் விமானமும் 2003-லேயே ஓய்வு பெற்றுவிட்டது.

நடந்தது இதுதான்: டிக்கெட்டில் வரும் நேரம் அந்தந்த ஊர் நேரம். டிசம்பரில் லண்டன் நமக்கு 8 மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் கடிகாரத்தைக் கழித்துப் போட்டுவிட்டார்கள். சரியாகப் பார்த்தால் போக 14 மணி, வர 13 மணி. மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று திரும்பும் விமானத்தைத் தள்ளிக்கொடுப்பதால் அந்த ஒரு மணி குறைகிறது.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே எங்களை ஆளாக்கியவர். இப்போது இனிப்புநீர் (நீரிழிவு) நோய், தினமும் இன்சுலின் ஊசி. இங்குள்ள கிளினிக்கில் உங்கள் தாளைப் பார்த்துத்தான் ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நேரம் குறித்துக் கொடுத்தார்கள். தங்கை போனில் சொல்லியிராவிட்டால் அம்மா அதை நம்பியே விமானம் ஏறியிருப்பார். இங்கிருந்து கேஎல்ஐஏவுக்குக் காரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, அங்கே மூன்று மணி காத்திருப்பு. ஆக, வீட்டை விட்டுக் கிளம்பி லண்டனில் இறங்க 20 மணி நேரம்!

கிளையில் போய்க் கேட்டால், “கம்ப்யூட்டர்ல அப்படித்தாங்க வருது” என்கிறார் கவுண்டரில் இருந்தவர். இனிப்புநீர்க்காரர்களுக்கான உணவையும் நடைபாதை ஓர இருக்கையையும் கேட்டதற்கு, “ஆறு மணி நேரம்தானே, அவசியமில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார். வயதானவர் விஷயத்தில் இந்த அலட்சியம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே, இரு ஊர் நேர வித்தியாசத்தையும் உண்மையான பறப்பு நேரத்தையும் குறிப்பிட்டுப் புதிய தாள் தாருங்கள். உணவையும் இருக்கையையும் கூடுதல் கட்டணம் கேட்காமல் பதிவு செய்யுங்கள். அப்புறம், இதே தாளோடு வேறு பயணிகள் யாராவது இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். பயணத்துக்கு முன் அம்மா மறுபடி கிளினிக் போக வேண்டும். அதற்குள் திருத்திய தாள் எங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வாடிக்கையாளர்