மறதிநோயும் மருத்துவப் பணியாளர்களின் பார்வையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் முதுமையின் இயல்பான விளைவு அன்று. மூளையைப் பாதிக்கும் நோய்களால் வருவது. ஆயினும், சர்வதேச அல்சைமர் நோய் அமைப்பின் 2019-ஆம் ஆண்டு ஆய்வில் மருத்துவத் துறையினரில் ஏறத்தாழ 62 சதவீதத்தினர் அதை முதுமையின் இயல்பென்றே கருதினர். 2024-இல் அது 65 சதவீதமாக இருந்தது மிகுந்த வருத்தம் தருகிறது. 'வயதானால் அப்படித்தான்' என்று அனுப்பிவிடப்படுவோரில், தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு போன்ற சிகிச்சைக்குரிய காரணங்களால் நினைவு தடுமாறுபவர்களும் இருக்கக்கூடும்.

மாற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மறதிநோயுள்ள என் தாயார் ஊசியைத் தட்டிவிட்டபோது, முரண்டு என்று எண்ணிக் கைகளைக் கட்டவோ மயக்க மருந்து கொடுக்கவோ முற்படாமல், வலியா, தாகமா, சிறுநீர்த் தொற்றா, பழக்கமில்லாத இடத்தின் அச்சமா என்று பொறுமையாக ஆராய்ந்த செவிலியர் ஒருவரை நான் கண்டேன். அவர் எதிரே அமர்ந்து, கண்ணைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரே கேள்வியை மட்டும் கேட்பார், அம்மாவும் அடங்கிவிடுவார்.

இத்தகைய அணுகுமுறை ஒருவரது இயல்பான இரக்கத்தை மட்டும் நம்பியிராமல், வார்டு உதவியாளர் முதல் மருத்துவர் வரை அனைவருக்கும் பணிநேரத்திற்குள்ளேயே பயிற்சியாக அளிக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்