சேர்ந்து வரும் என்று சொன்ன இரண்டு தள்ளுபடிகளில் ஒன்றைக் காணவில்லை: புகார்

பெறுநர்:
குறைதீர் அதிகாரி அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பிளான் மாற்றியதும் ஊழியர் தள்ளுபடி நீக்கப்பட்டது தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

ஆறு வருடமாக உங்கள் போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர் நான். நான் வேலை பார்க்கும் நிறுவனம் உங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, மாத வாடகையில் எனக்கு 20 சதவீதம் ஊழியர் தள்ளுபடி உண்டு. இன்னும் அங்கேதான் வேலையில் இருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒருமுறை அலுவலக மின்னஞ்சல் வழியாக உறுதிசெய்ய வேண்டும். அதை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

மூன்று மாதங்களுக்கு முன்பு உங்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது. புதிய பிளானுக்கு மாறினால் மாத வாடகையில் ஒரு குறிப்பிட்ட தொகை கழிவு. கூடவே தவணையில் வாங்கும் கைப்பேசியின் விலையில் பாதி, 24 மாதங்களுக்குப் பிரித்து பில்லில் வரவு வைக்கப்படும். சலுகை என்றதும் பாய்கிற ஆள் இல்லை நான். மாறுவதற்கு முன்பே உங்கள் சாட்டில் கேட்டேன்: "எனக்கு ஊழியர் தள்ளுபடி இருக்கிறது. பிளான் மாறினால் அது போய்விடுமா?" "போகாது, இரண்டும் சேர்ந்தே வரும்" என்று பதில் வந்தது. அதன் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன்.

அந்தப் பதிலை நம்பித்தான் மாறினேன். முதல் பில்லில் எந்தக் கழிவும் இல்லை. கேட்டதற்கு, "ஒன்றிரண்டு பில் ஆகும், பொறுங்கள்" என்றார்கள். இரண்டாவது பில்லில் புதிய சலுகை ஏறியிருந்தது, ஊழியர் தள்ளுபடியைக் காணோம். மூன்றாவதிலும் அப்படியே. தொலைபேசியில் அழைத்தபோது ஒருவர், "உங்கள் கம்பெனி ஹெச்.ஆரிடம் கேளுங்கள்" என்றார். ஹெச்.ஆரில் விசாரித்தால், ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது என்கிறார்கள். மறுபடி அழைத்தேன். இன்னொருவர்தான் விஷயத்தைச் சொன்னார்: இந்த பிளான் ஊழியர் தள்ளுபடிக்கான பட்டியலிலேயே இல்லையாம். அன்று இரவே உங்கள் விதிமுறைகளை முழுவதும் படித்தேன். "தேர்ந்தெடுத்த திட்டங்களுக்கு மட்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. எந்தெந்தத் திட்டங்கள் என்ற பட்டியல் எங்கேயும் இல்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். புதிய பிளானின் வாடகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவில் பழைய பிளான் 90, சலுகைக் கழிவு 25. 20 சதவீதத்தை முதலில் கழித்து, பிறகு 25ஐக் கழித்தால் நான் கட்ட வேண்டியது 55. முதலில் 25, பிறகு சதவீதம் என்றால் 60. இந்த இரண்டில் எது உங்கள் முறை என்று கேட்கத்தான் முதலில் நினைத்திருந்தேன். அந்தக் கேள்விக்கே இப்போது இடமில்லை. நான் கட்டுவது 75. பழைய பிளானில் தள்ளுபடி போக 72தான் கட்டிக்கொண்டிருந்தேன். ஆக, சலுகைக்கு மாறியதால் மாதம் 3 கூடியிருக்கிறது! கைப்பேசித் தவணை இதில் சேராது. அந்தத் தவணைக்கோ வரிக்கோ என் வீட்டாரின் கூடுதல் இணைப்புக்கோ ஊழியர் தள்ளுபடி கிடையாது என்பது எனக்குத் தெரியும். நான் அவற்றுக்குக் கேட்கவும் இல்லை.

"பிடிக்கவில்லை என்றால் பழைய பிளானுக்கே போய்விடுங்கள்" என்றும் ஓர் ஆலோசனை கிடைத்தது. போனால் கைப்பேசிக்கான வரவு அந்த மாதத்தோடு நின்றுவிடும், மீதித் தவணையை முழு விலையில் நான் கட்ட வேண்டும். இணைப்பையே துண்டித்தால் பாக்கி மொத்தமும் ஒரே பில்லில் வந்துவிடும். கதவைத் திறந்துவிட்டுக் காலைக் கட்டிப்போடுகிற ஆலோசனை இது. சொன்னவர் மரியாதையாகத்தான் பேசினார், அவர்மீது எனக்கு வருத்தமில்லை.

சாட்டில் தந்த வாக்கின்படி, 24 மாதமும் இரண்டு தள்ளுபடிகளும் என் பில்லில் வர வேண்டும். மூன்று பில்களில் விடுபட்டதையும் வரவு வையுங்கள். எதை முதலில் கழிப்பீர்கள் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். 60 என்று வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். இது முடியாது என்றால், கைப்பேசி வரவு நிற்காமல் பழைய பிளானுக்குத் திரும்ப வழி செய்யுங்கள். அடுத்த பில்லிலிருந்து சில வரவுப் புள்ளிகள் தருவதாக ஒருவர் சொன்னார். அது வேண்டாம்.

பதிலைத் தொலைபேசியில் சொல்லாமல் மின்னஞ்சலில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். வாய்வார்த்தையாக இதுவரை மூன்று விதமான பதில்கள் வந்துவிட்டன.

இணைப்பு: சாட் ஸ்கிரீன்ஷாட், மூன்று பில்கள், பழைய பிளானின் கடைசி பில்.

இப்படிக்கு,
உங்கள் போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர்