அம்மாவுக்கு மட்டும் ஏன் காகிதக் கோப்பை?

மதிப்பிற்குரிய கோயில் செயலவையினருக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை மடப்பள்ளியில் நடந்தது உங்களுக்கே தெரியும். பன்னிரண்டு ஆண்டாக அன்னதானத்தில் தொண்டூழியம் செய்கிற என் அம்மாவிடம், “கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன் அக்கா” என்றீர்கள். சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

அந்தக் காகிதக் கோப்பையைத்தான் பொறுக்க முடியவில்லை. எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது, அம்மாவுக்கு மட்டும் காகிதக் கோப்பை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. குடித்துவிட்டு, கோப்பையைக் கசக்கிப் பைக்குள் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்தார். அங்கே குப்பைத்தொட்டியில் போட்டால் யாராவது பயப்படுவார்களாம். இப்போது வீட்டிலும் தன் தட்டைத் தனியாகக் கழுவி வைக்கிறார். பேரனைத் தூக்குவதில்லை.

அம்மாவுக்கு இருப்பது நாட்பட்ட ஹெப்பட்டைடிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் ஒரு கிருமித்தொற்று. பிறக்கும்போதே பாட்டியிடமிருந்து வந்திருக்கலாம் என்றார் மருத்துவர். அப்படித் தொற்றினால் 10 பிள்ளைகளில் 9 பேருக்கு அது உடம்பைவிட்டுப் போவதே இல்லை. சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதற்கான தடுப்பூசி வந்தது 1987இல். அம்மா பிறந்தது 1958. கிருமி கல்லீரலில் பல ஆண்டு சத்தமில்லாமல் இருக்கும். கவனிக்காமல் விட்டால் கல்லீரல் சுருங்கலாம், புற்றுநோய்கூட வரலாம். அதனால்தான் ஆறு மாதத்துக்கொரு முறை ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும். அதை ஒளிக்காமல், வெங்காயம் உரித்துக்கொண்டே தோழியிடம் சொன்னதுதான் அவர் செய்த தப்பு.

இது ரத்தத்தில், உடலுறவில், பிரசவத்தில் பரவும். டம்ளரில் பரவாது, சோற்றில் பரவாது, தொட்டால் பரவாது. கத்தி பட்டு ரத்தம் வந்தால்? யார் கை வெட்டுப்பட்டாலும் செய்ய வேண்டியதுதான்: கட்டுப்போட்டுவிட்டு, அந்தக் காயைக் கொட்டிவிட வேண்டும். அப்புறமும் பயம் என்றால் தடுப்பூசி இருக்கிறது, போட்டுக்கொள்ளலாம். தயவுசெய்து அம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

போன மாதம் இருமிக்கொண்டே சாம்பார் ஊற்றியவரை யாரும் ஓய்வெடுக்கச் சொல்லவில்லை. அவர் செயலவையில் இருப்பதால் அவருடைய கிருமிக்கும் வரிசையில் நிற்கிற மரியாதை தெரியும் போல.

மன்னிக்கவும், கோபத்தில் வந்துவிட்டது. நான் கேட்பது இதுதான்: அம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்கள். ஓய்வெடுக்கச் சொன்னவரே கூப்பிட்டால் நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருத்துவர் ஒருவரை வரவழைத்துத் தொண்டூழியர்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். நாற்காலி அடுக்க நானே வருகிறேன். டீயும் எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் வரட்டும்.

இப்படிக்கு,
அவர் மகள்