புள்ளியில் தொடங்கும் பெயர்கள்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை இரண்டு முறை படித்தேன். என் முதுகுவலி தேவலை. இப்போது வலிப்பது வேறு இடம்.

போன வாரம் புதுக் கணினிக்கு மாறினேன். பழைய ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய், நகலெடுக்கும் கட்டளையில் நட்சத்திரக் குறியைப் போட்டு எல்லாம் வந்துவிட்டது என்று நம்பி, பழைய டிஸ்க்கை அழித்தேன். நிரலில் செய்த மாற்றங்களையெல்லாம் பதிந்துவைக்கும் கிட்டின் ஆறு வருட வரலாறு வரவே இல்லை! அது இருப்பது புள்ளியில் தொடங்கும் ஒரு ஃபோல்டரில். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லில் நட்சத்திரக் குறி என்றால் எல்லாப் பெயர்களும், ஆனால் புள்ளியில் தொடங்கும் மறைவுப் பெயர்களை அது தொடாது. எனக்குத் தெரியாததா? தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

எரிச்சலில், புள்ளியில் தொடங்கும் பெயர்களை மட்டும் பட்டியலிட ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். முதலில் ஷெல்லிலேயே, கோப்புப் பெயர்களைக் காட்டும் எல்எஸ் கட்டளைக்குப் புள்ளி, நட்சத்திரம் என்று கொடுத்தேன். ஒற்றைப் புள்ளி என்றால் இதே ஃபோல்டர், இரட்டைப் புள்ளி என்றால் மேல் ஃபோல்டர். இரண்டும் அந்த வலையில் சிக்கி, வேண்டாததெல்லாம் திரையில் கொட்டியது. (அழிக்கும் கட்டளையோடு இதைப் போட்டிருந்தால்? நினைக்கவே வேண்டாம்.) அப்புறம் பைதான் நிரல்மொழிக்கு மாறினேன். அதில் நட்சத்திரக் குறி போட்டுக் கோப்புகளைத் தேட க்ளாப் என்று ஒன்று உண்டு, அதுவும் புள்ளிக் கோப்புகளை விட்டுவிடும். ஓஎஸ் மாட்யூலின் லிஸ்ட்டிர்தான் சரி: அந்த இரண்டு புள்ளிகளைத் தவிர எல்லாப் பெயர்களையும் தரும். ஒவ்வொன்றும் புள்ளியில் தொடங்குகிறதா என்று பார்த்து அச்சிட வேண்டியதுதான். நாலே வரி. விண்டோஸில் மட்டும் இது உதவாது. அங்கே மறைவு என்பது கோப்பின் மேல் வைக்கும் ஒரு குறி, பெயரில் புள்ளி இருக்க வேண்டியதில்லை.

புள்ளியில் தொடங்குவதை மறைக்கும் இந்த வழக்கமே ஒரு தவறில் பிறந்தது என்று, பெல் லேப்ஸின் யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012-இல் எழுதியிருக்கிறார். அந்த இரண்டு புள்ளிப் பெயர்களையும் எல்எஸ் காட்டாமலிருக்க, யாரோ சோம்பேறித்தனமாக முதல் எழுத்தை மட்டும் சோதித்துவிட்டாராம். அந்தச் சோம்பேறித்தனம்தான் இன்று என்னைக் கடித்தது.

ஹோம் ஃபோல்டரில் ஓட்டிப் பார்த்தேன், 47 பெயர்கள். பாதி, எப்போதோ நீக்கிய மென்பொருள்கள் விட்டுப்போனவை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன் அதே ப்ராஜெக்ட்டை ஒரு பென்டிரைவில் உன்னிடம் கொடுத்தேனே, இருக்கிறதா? இருந்தால் எல்எஸ்-ஸுடன் மைனஸ், பெரிய ஏ போட்டுப் பார், புள்ளிப் பெயர்களும் தெரியும். அன்றைக்கும் நட்சத்திரக் குறியில்தான் நகலெடுத்தேனா என்று எனக்கு நினைவில்லை.

உன் பழைய அறைத்தோழன்