துண்டு காய்ந்தது, நான் நனைந்தேன்

அன்புள்ள மச்சான்,

ஆறு மாசமாக ஒரு வரி எழுதாதவன் திடீரென்று எழுதுகிறானே, கைமாற்று கேட்கப் போகிறானோ என்று பதறாதே. குளியலறைக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறாயாம், டவல் ரேடியேட்டரை, அதுதான் உள்ளே வெந்நீர் ஓடித் துண்டு காயவைக்கும் அந்தக் கம்பிச் சட்டத்தை, நீயே கழற்றப் போகிறாயாம். தங்கச்சி இங்கே போனில் சொன்னாள். சைக்கிள் செயினைக் கழற்றிவிட்டு மூன்று நாள் நடந்தே வந்தவன் நீ. அதனால்தான் உடனே எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

போன மாதம் நானும் இதே வேலையில்தான் இறங்கினேன். வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங்கை நிறுத்தி, கம்பியெல்லாம் ஆறும்வரை காத்திருந்தேன். அதுவரை நல்ல பிள்ளை. அடியில் இரண்டு வால்வு இருக்கும். ஒன்று கையால் திருகுவது. இன்னொன்று பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும் லாக்‌ஷீல்டு வால்வு. வீட்டிலுள்ள எல்லா ரேடியேட்டருக்கும் வெந்நீர் பங்காகப் போவதற்காக அதை ஓர் அளவுக்குத்தான் திறந்து வைத்திருப்பார்கள். அதனால் மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். எண்ணினேன். மறக்கக் கூடாதே என்று பென்சிலால் சுவரில் எழுதியும் வைத்தேன். எந்தச் சுவர்? பெயின்ட் அடிக்கப் போகிற சுவர்! சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

வால்வையும் ரேடியேட்டரையும் சேர்க்கும் நட்டை ஒரு ஸ்பேனரால் திருகும்போது, வால்வை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொள். இல்லாவிட்டால் குழாய் முறுக்கிக்கொள்ளும். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். தட்டு ஒன்றைக் கீழே வைத்து நட்டைத் தளர்த்தினேன். ஐந்தாறு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. அட, இவ்வளவுதானா என்று நட்டை முழுசாகவே கழற்றிவிட்டேன். அப்போதுதான் உச்சியில் காற்றைத் திறந்துவிடும் ஒரு ப்ளீட் வால்வு உண்டே என்று ஞாபகம் வந்தது. சாவியைப் போட்டு அரைச் சுற்றுத்தான் திருப்பியிருப்பேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. அவ்வளவுதான், அடியிலிருந்து பீறிட்டது பார்!

உறிஞ்சுகுழலின் மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் தண்ணீர் விழாமல் நிற்குமே, அதே கதை. மேலே காற்று நுழைய வழியில்லாததால் உள்ளே இருந்ததெல்லாம் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வந்ததும் தண்ணீரா? மை! உள்ளே இரும்பு அரித்து உண்டான கறுப்புத் துகள். துணியில் பட்டால் போகாது. கைக்குக் கிடைத்த வெள்ளைத் துண்டையெல்லாம் அள்ளிப் போட்டேன். அது யாருடைய துண்டு, அப்புறம் என்ன நடந்தது என்பதையெல்லாம் கேட்காதே.

நீ நட்டை லேசாக மட்டும் தளர்த்து. ப்ளீட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திற. தட்டு நிறைந்ததும் நட்டை இறுக்கி, வாளியில் கொட்டிவிட்டு வா. சொட்டுவது நின்றபிறகும் அடிக்குழாயில் மிச்சம் இருக்கும். தூக்கும்போது சாய்த்தாயானால் கால்மேல்தான் கொட்டும். ஓரத்து வாய்களில் துணியைத் திணித்து, இன்னொருவரையும் பிடிக்கச் சொல். வால்வின் வாய்க்கும் அடைப்பு மூடி போடு. கையால் திருகும் வால்வு, அறையின் சூட்டைப் பார்த்துத் தானே திறந்து மூடும் எண் போட்ட தெர்மோஸ்டாட் தலையாக இருந்தால், சுழியத்தில் வைத்துவிட்டோம் என்று நம்பாதே. அறை ரொம்பக் குளிர்ந்தால் அது தானாகத் திறந்துகொள்ளக்கூடும்.

இனி வருவது கேலி இல்லை. உன்னுடையதில், ஹீட்டிங் ஓடாத வெயில்காலத்துக்கென்று சூடேற்றும் மின்சாரக் கம்பியும் உள்ளே வைத்திருப்பதாக எப்போதோ சொன்னாய். ஹீட்டிங்கை நிறுத்தினால் அது நிற்காது. அதற்குத் தனி இணைப்பு. மெயினிலேயே அணைத்துவிடு. பிளக் இல்லாமல் நேரே சுவருக்குள் போகிற ஒயர் என்றால் தொடாதே, எலக்ட்ரீஷியன் வரட்டும். ஈரத்தில் நின்றுகொண்டு வீரம் வேண்டாம். நம் கூட்டத்தில் ஏற்கெனவே ஒருவன் குறைவு.

திரும்ப மாட்டியதும் காற்றை வெளியேற்றிவிட்டு பாய்லரில் தண்ணீரின் அழுத்தம் காட்டும் முள்ளைக் கவனி. ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (bar, அழுத்த அளவு) வரை காட்ட வேண்டும்; என்னுடையது கீழே இறங்கிக் கிடந்தது, தண்ணீர் ஏற்றினேன். அந்தச் சுற்றுக் கணக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஒன்றேகாலா, ஒன்றேமுக்காலா? குளியலறை கொதிக்கிறது, படுக்கையறை ஜில்லென்று கிடக்கிறது. ராத்திரி சாப்பிட்டதும் ஸ்பேனரோடு போய்க் கால் சுற்று திருப்பிவிட்டு வருகிறேன்.

நீ எண்ணியதைத் தங்கச்சியிடம் சொல்லி வை. அவள் மறக்க மாட்டாள்.

உன்,
நெட்டை