செயலாளர் ஆண்டறிக்கை 2025: மாநாடு, ஒளிபரப்பு, சாவிக்கொத்து

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஆண்டுப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். அடுத்த மாநாட்டை அழைப்பிதழிலிருந்து ஒளிபரப்பு வரை கட்டற்ற மென்பொருளை மட்டுமே வைத்து நடத்துவது என்று. யாரும் இயக்கலாம், நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று உரிமை தரும் மென்பொருள் அது. எல்லோரும் உற்சாகமாகக் கை தூக்கினோம். தூக்காதவர் ஒரே ஒருவர். ஒளிபரப்பைப் பார்த்துக்கொள்பவர். அவர் ஏன் தூக்கவில்லை என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. செப்டம்பரில்தான் எனக்கு அது புரிந்தது.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. இரண்டு கூட்டங்கள் ஆள் போதாமல் தள்ளிப்போயின. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நம் பழைய ஆண்டறிக்கைகளைத் தேடியபோது ஒரு சங்கடம் நேர்ந்தது. கோப்புகள் பத்திரமாக இருந்தன, படிக்கத்தான் முடியவில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீடான ஒருங்குறியில் 1991-இலேயே தமிழுக்கு இடம் இருந்தும், அன்றைய செயலாளர்கள் ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் புள்ளியும் கோடுமாகத் தெரிந்தது. நம் இளம் உறுப்பினர் ஒருவர் ஒரு வார இறுதியில் நிரல் எழுதி எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுத்தார். அந்த நிரலை ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டும்விட்டார். ஆண்டு முழுக்க நடந்த வேலைகளில் சத்தமில்லாமல் முடிந்தது இது ஒன்றுதான்.

இனி மாநாடு. மென்பொருள் விடுதலை நாள் 2004 முதல் கொண்டாடப்படுகிறது. அது செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை என்பதால், இந்த ஆண்டு 20-ஆம் தேதி வைத்துக்கொண்டோம். 1985-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு 40 வயது ஆகும் ஆண்டு என்பதும் சேர்ந்துகொண்டது.

பதிவுப் படிவத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். இத்தனை ஆண்டுகளாக, அந்தரங்க உரிமை பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு, வருபவர்களின் பெயரையும் எண்ணையும் யாரோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் கொட்டிக்கொண்டிருந்தோம். இந்த முறை நம் சர்வரிலேயே படிவம் வைத்தோம். பழைய படிவத்தை அப்படியே நகலெடுக்கப் போனபோது, "தொலைபேசி எண் எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. எடுத்துவிட்டோம். வயது, ஊர், பணி எல்லாம் அதே கேள்வியில் விழுந்தன. கடைசியில் மிஞ்சியது பெயரும் மின்னஞ்சலும்தான். மாநாடு முடிந்த இரண்டாவது வாரம் அந்தப் பட்டியலையும் அழித்தாயிற்று.

சுவரொட்டியில் அடி வாங்கினோம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்தது திரையில் பளீரென்ற நீலம். அச்சாகி வந்தது கத்தரிப்பூ நிறம். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலந்து காட்டும் நிறங்கள் எல்லாவற்றையும் அச்சு மைகளால் கொண்டுவர முடியாது. அடர்ந்த நீலம் மையில் ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸில் நிற விவரக்கோப்பை ஏற்றிப் பார்த்திருந்தால் அச்சடிக்கும் முன்பே தெரிந்திருக்கும். மென்பொருள் தயாராகத்தான் இருந்தது, நாங்கள்தான் திறந்து பார்க்கவில்லை. போதாக்குறைக்கு முதல் மெய்ப்பில் "இலவச மென்பொருள் மாநாடு" என்று வேறு இருந்தது. ஆங்கிலக்காரர்களுக்கு இலவசத்துக்கும் விடுதலைக்கும் "ஃப்ரீ" என்று ஒரே சொல், குழம்புகிறார்கள். நமக்கு இலவசம் வேறு, விடுதலை வேறு என்று இரண்டு சொல் இருந்தும் குழம்புகிறோம். கட்டற்ற மென்பொருளைக் காசுக்கு விற்கலாம், தடையே இல்லை. இதை மெய்ப்புத் திருத்தியவருக்கு நான் அரை மணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமைக்கு நன்றி.

அரட்டைக் குழு விஷயத்தில் தோற்றோம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். தன்னார்வலர்கள் எல்லோரும் மேட்ரிக்ஸ் என்ற கட்டற்ற அரட்டை வலையமைப்புக்கு மாறுவது என்று முடிவு. ஒன்பது பேர் மாறினார்கள். மற்றவர்கள் "இதோ வருகிறேன்" என்றார்கள். மாநாட்டன்று அரங்கு மாறிய செய்தியைப் பழைய குழுவில்தான் போட வேண்டியிருந்தது. போட்டது நான்தான்.

முதல் உரை அடிப்படைகள் பற்றியது. அந்தப் பழைய பிரிண்டர் கதையை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இந்த இளைஞர் சொன்னது நன்றாக இருந்தது. எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் பழைய பிரிண்டரின் மூல நிரல் கையில் இருந்ததால், காகிதம் சிக்கினால் தகவல் வரும்படி, பின்னாளில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் மாற்றி வைத்திருந்தார். புதிதாக வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டருக்கு நிரல் தரவில்லை. நிரல் வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் கையை விரித்துவிட்டார். 1983 செப்டம்பர் 27 அன்று அவர் வெளியிட்ட, க்னூ என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கான அறிவிப்புக்குப் பின்னால் இருந்த மனத்தாங்கல்களில் அதுவும் ஒன்று. கட்டற்ற மென்பொருளின் நான்கு சுதந்திரங்களை (இயக்க, படித்து மாற்ற, பகிர, மாற்றியதைப் பகிர) ஏன் பூச்சியத்திலிருந்து எண்ணுகிறார்கள் என்று ஒரு மாணவி கேட்டார். முதலில் மூன்றுதான் இருந்தன. எந்த நோக்கத்துக்கும் இயக்கிக்கொள்ளலாம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று பிறகு தோன்றியபோது, அதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கப் பூச்சியம்தான் காலியாக இருந்தது.

பார்வைக் குறைபாடுள்ள ஓர் உறுப்பினர், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான்கள் பற்றிப் பேசினார். ஓர்கா திரைவாசிப்பானை ஓட விட்டு, எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் மென்பொருளின் தமிழ்க் குரலில், நம் பதிவுப் படிவத்தையே திறந்தார். "பட்டன். பட்டன். பட்டன்" என்று வாசித்தது. எந்தப் பட்டன் எதற்கு என்று நாங்கள் பெயரே வைக்கவில்லை. அரங்கம் சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொலைபேசி எண்ணை நீக்கியதற்காக நாங்களே எங்கள் முதுகைத் தட்டிக்கொண்ட படிவம் அது. அன்று மாலையே திருத்தினோம். நான்கு வரி வேலை.

நிறுவல் மேசைக்குத்தான் கூட்டம் அதிகம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு அக்டோபர் 14-இல் நிற்கப்போகிறது என்ற செய்தி வேலை செய்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, அது இல்லாத, மற்றபடி ஒரு குறையும் இல்லாத மடிக்கணினிகள் 11 வந்தன. ஒன்றைத் திருப்பி அனுப்பினோம், படங்களுக்கு வேறு நகலே இல்லை என்று உரிமையாளர் சொன்னதால். எட்டில் டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளம் சிக்கலில்லாமல் ஏறியது. மீதி இரண்டு வைஃபை சிப்பில் மாட்டின. அந்தச் சிப்பை இயக்கும் உள்நிரலான ஃபர்ம்வேர் மூடியது, மூல நிரல் கிடையாது. டெபியன்காரர்கள் இதை 2022-இல் வாக்கெடுப்புக்கு விட்டு, இத்தகைய ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்க்க முடிவு செய்தவர்கள். நம் தீர்மானமோ "கட்டற்றது மட்டுமே". மேசையில் இருந்த இருவர் அந்த இடத்திலேயே வாதிட ஆரம்பித்துவிட்டார்கள். மடிக்கணினிக்குச் சொந்தக்காரரான ஓய்வுபெற்ற ஆசிரியை கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, வைஃபை இல்லாத சுதந்திரத்தை வைத்து நான் என்ன செய்ய?" என்றார். ஃபர்ம்வேர் ஏறியது. எதிர்ப்புத் தெரிவித்த உறுப்பினரின் கருத்தையும், அவர் கேட்டுக்கொண்டபடி, இங்கே பதிவு செய்கிறேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இந்த ஒன்றுக்கு மட்டும் என்றுதான் ஆரம்பிக்கிறது.

செயற்கை நுண்ணறிவு பற்றிய விவாதம் நேரத்தைத் தின்றது. மாதிரியின் எடைகளை, அதாவது பயிற்சியில் அது கற்றுக்கொண்ட எண்களைக் கொடுத்துவிட்டு, பயிற்றிய தரவைக் கொடுக்காவிட்டால் அதைத் திறமூலம் என்று அழைக்கலாமா என்பது கேள்வி. இத்தனைக்கும் திறமூலத் துவக்கம் (ஓபன் சோர்ஸ் இனிஷியேட்டிவ்) என்ற அமைப்பு 2024 அக்டோபரில் ஒரு வரையறை வெளியிட்டிருக்கிறது. முடிவு எட்டப்படவில்லை.

அன்றைய உரைகளில் என்னை அதிகம் உலுக்கியது எக்ஸ்இசட் பற்றியது. கோப்புகளைச் சுருக்கும் சின்ன நூலகம் அது. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர் ஒரே ஒருவர், சம்பளமில்லாமல். உடல்நலமும் மனநலமும் ஒத்துழைக்காத காலத்தில், "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று சில கணக்குகள் அவரை நச்சரித்தன. அதே காலத்தில் இன்னொரு கணக்கு, பணிவாக, பொறுமையாக, நல்ல நல்ல திருத்தங்களாக அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் இப்படி உழைத்து நம்பிக்கை சம்பாதித்து, சாவியும் கைக்கு வந்தபின், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழி வைத்தது. வைத்த விதமும் கெட்டிக்காரத்தனம்: சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்து, வெளியீட்டுப் பொதியில் மட்டும் அதை உயிர்ப்பிக்கும் ஒரு கட்டளையைச் சேர்த்திருந்தார்கள். மூல நிரல் இருக்கும் களஞ்சியத்தைப் பார்ப்பவர் கண்ணில் அந்தக் கட்டளை படாது.

பிடிபட்டது அரை நொடியால். ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்ற போஸ்ட்கிரஸ் தரவுத்தள நிரலாளர் தம் கணினியில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு சுமார் 500 மில்லிநொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்து, விடாமல் நூல் பிடித்துப் போனார். 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். நிரல் திறந்திருந்தால்கூட இப்படி நடக்குமா என்று ஒருவர் கேட்க, மூடியிருந்தால் அவரால் நூல் பிடித்துப் போயிருக்க முடியுமா என்று உரையாளர் திருப்பிக் கேட்டார். சரி, இரண்டுமே உண்மைதான். ஆனால் எனக்கு மனசில் நின்றது அந்த நச்சரிக்கப்பட்ட ஒற்றை ஆள்தான்.

ஏனென்றால் நம் சங்கத்திலும் அதே கதை. ஜூன் மாதம் நம் டொமைன், அதாவது இணையதள முகவரி நான்கு நாள் முடங்கியது நினைவிருக்கும். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம், வேலை மாறிப் போன ஓர் உறுப்பினரின் பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் மேல் குற்றமில்லை. ஆறு ஆண்டுகளாக யாரும் அவரிடம் கேட்டதே இல்லை.

ஒளிபரப்பும் அப்படியே. மாநாட்டுக்கு முந்தின இரவு ஒளிபரப்பைப் பார்த்துக்கொள்பவருக்குக் கடும் காய்ச்சல். ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருளைத் திறக்கத் தெரிந்த ஒரே அடுத்த ஆள் நான், திறக்க மட்டும்தான் தெரியும். படம் போனது. ஒலிக்கு அரங்கின் மிக்சரைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக மடிக்கணினியின் சொந்த மைக்கை விட்டுவிட்டேன். இணையத்தில் பார்த்தவர்கள் முதல் 20 நிமிடம் தொடக்க உரைக்குப் பதிலாக, "எங்கே போச்சு இந்தச் சத்தம்" என்ற என் புலம்பலைத்தான் கேட்டார்கள். அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் பியர்டியூப் காணொளித் தளத்தில் ஏற்றியிருக்கிறோம். முழுப் பதிவும் யாரிடமோ இருப்பதாகக் கேள்வி.

குணமாகி வந்தவரிடம் அப்புறம் கேட்டேன், அன்று ஏன் கை தூக்கவில்லை என்று. "ஓபிஎஸ் நல்ல மென்பொருள்தான் சார். எனக்கு ஒரு நாள் முடியாமல் போனால் யார் செய்வது என்றுதான் யோசித்தேன்" என்றார்.

ஆகவே செயற்குழு இந்தக் கூட்டத்தின் முன் வைப்பது ஒரே தீர்மானம். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர். இருவரில் ஒருவர் ஓர் ஆண்டுக்கு முன் அந்த வேலை தெரியாதவராக இருக்க வேண்டும். கடவுச்சொற்கள் அனைத்தும், அவற்றைப் பூட்டி வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி மென்பொருளின் கோப்பு ஒன்றில் சேர்க்கப்பட்டுவிட்டன. அதன் முதன்மைக் கடவுச்சொல் ஒட்டிய உறையில் தலைவரிடமும் பொருளாளரிடமும் இருக்கிறது. டொமைன் நினைவூட்டல்கள் இனி சங்கத்தின் பொது மின்னஞ்சலுக்கு வரும்.

என் பதவிக்காலம் இன்றோடு முடிகிறது. ஒளிபரப்புக் கற்றுக்கொள்ள இதுவரை மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவன் நான். பயிற்சி அடுத்த மாதம் முதல் ஞாயிறு, பத்து மணிக்கு. மைக் தேர்ந்தெடுப்பதிலிருந்து தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்